அகழியும் ஏரியும்: நீரில் வாழும் மீன் யாருக்கு உரியது?

திருச்சபை வரலாற்றைக் கற்போர் பெரும்பாலும் சங்கங்களையும் விசுவாசப் பிரமாணங்களையும் பேராயர்களையும் பற்றியே கற்கின்றனர். குளத்தையும் மீனையும் பற்றிய செய்திகள் அவ்வரலாற்றின் ஓரத்தில் ஒதுங்கிக் கிடக்கின்றன. ஆயினும் இடைக்காலத்து ஏழைக் குடியானவன் திருச்சபையைத் தன் வாழ்வில் எதிர்கொண்ட இடங்களுள் ஒன்று மடத்தின் மீன்குளம் ஆகும். சீர்திருத்தக் காலத்தில் அவன் விடுத்த விண்ணப்பங்களுள் ஒன்றும் மீனைப் பற்றியதே. அவ்விண்ணப்பத்திற்கு அன்று கிடைத்த மறுமொழி இன்றும் நம்மைக் கேள்விக்குள்ளாக்குகிறது. ஏரிகள் நிறைந்த புதுச்சேரி வட்டாரத்திலும் அதனைச் சூழ்ந்த தமிழகத்திலும் ஊழியம் செய்வோர் இக்கேள்வியைத் தவிர்க்க இயலாது என்பதைக் காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

1. புதுச்சேரியின் இருவகை நீர்நிலைகள்

பிரெஞ்சு வணிகக் குழுவின் சார்பில் 1674இல் பிரான்சுவா மார்த்தேன் புதுச்சேரியில் குடியேற்றத்தை நிறுவினார். இடையில் டச்சுக்காரர் கைக்குப் போன நகரம் 1699இல் மீண்டும் பிரெஞ்சுக்காரரிடம் வந்தது. அதன்பின் 18ஆம் நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில் ஐந்து கொத்தளங்கள் கொண்ட புனித லூயி கோட்டை கடற்கரையோரம் எழுந்தது. ஐரோப்பியக் கோட்டைக் கலையின் முறைப்படி அதனைச் சுற்றி அகழி வெட்டப்பட்டது. 1761இல் ஆங்கிலேயர் நகரைக் கைப்பற்றி அக்கோட்டையைத் தரைமட்டமாக்கினர். நகரை வளைத்துச் செல்லும் அகன்ற வீதிகள் பழைய மதிலின் போக்கை இன்றும் காட்டுகின்றன. ஏறத்தாழ அறுபது ஆண்டுகளே அந்த அகழியின் வாழ்நாள்.

நகருக்கு வெளியே வேறு வகையான நீர்நிலைகள் உள்ளன. மேற்கே ஊசுட்டேரி ஏறத்தாழ 800 எக்டேர் பரப்பில் புதுச்சேரிக்கும் தமிழ்நாட்டுக்கும் பொதுவாக அமைந்துள்ளது. சங்கராபரணி ஆற்றிலிருந்து சுத்துக்கண்ணி வாய்க்கால் வழியே அதற்கு நீர் வருகிறது. தெற்கே பாகூர் ஏரிக்குத் தென்பெண்ணையாற்று நீரைப் பங்காரு வாய்க்கால் கொண்டுவருகிறது. பாகூரின் தொன்மைக்குச் செப்பேடே சான்று. பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மனின் எட்டாம் ஆட்சியாண்டில், அதாவது 9ஆம் நூற்றாண்டில், பாகூரில் இயங்கிய ஒரு வித்யாஸ்தானத்திற்கு மூன்று ஊர்கள் கொடையாக அளிக்கப்பட்ட செய்தியை அச்செப்பேடு கூறுகிறது. வேதாகமக் கல்லூரியில் பயில்வோர் இதனைக் கூர்ந்து நோக்க வேண்டும். உயர்கல்வி நிலையம் ஒன்று ஊர்களின் வருவாயால், அதாவது ஏரிநீர் பாய்ந்து விளைந்த நெல்லால், நடத்தப்பட்டது.

புதுச்சேரி மக்கள் நெடுங்காலமாகச் சொல்லிவரும் கதை ஒன்றும் உண்டு. விஜயநகர மன்னர் அவ்வழியே வந்தபோது ஒளிவீசிய ஒரு மாளிகையைக் கோயில் என்று எண்ணி வணங்கினாராம். அது ஆயி என்னும் கணிகையின் வீடு என்று அறிந்ததும் வெகுண்டு அதனை இடிக்க ஆணையிட்டாராம். ஆயி தானே அதனை இடித்து, அவ்விடத்தில் மக்களுக்காக ஒரு குளத்தை வெட்டினாள் என்பது கதை. 19ஆம் நூற்றாண்டில், மூன்றாம் நெப்போலியன் காலத்தில், முத்திரையர்பாளையத்து நீர் நகருக்குக் கொண்டுவரப்பட்டது. அதன் நினைவாக எழுந்த ஆயி மண்டபம் பாரதி பூங்காவில் நிற்கிறது. கதையின் ஒவ்வொரு கூறும் வரலாறு என்று நிறுவ இயலாது. ஆயினும் மாளிகை குளமாவது நற்செயல் என்னும் மக்களின் தீர்ப்பு அதில் அடங்கியுள்ளது. ஐரோப்பிய இடைக்காலத்தில் இதற்கு நேர்மாறான வழக்கம் பரவியிருந்தது. அங்கே குளம் மாளிகையின் அணிகலனாயிற்று.

2. அகழி சூழ்ந்த மனைகள்

இங்கிலாந்தில் அகழி சூழ்ந்த மனையிடங்கள் ஐயாயிரத்திற்கும் மேற்பட்டவை கண்டறியப்பட்டுள்ளன. அவற்றுள் பெரும்பாலானவை ஏறத்தாழ 1200க்கும் 1350க்கும் இடையே தோண்டப்பட்டவை. நீரைத் தேக்கி வைக்கும் களிமண் நிலங்களாகிய சஃபோக், எசெக்ஸ், வாரிக்ஷயர் முதலிய பகுதிகளில் அவை மிகுதி. தோண்டிய மண்ணை நடுவே கொட்டி மேடாக்கி, அம்மேட்டின்மீது நிலக்கிழார் தம் மனையைக் கட்டினார். ஒரு பாலத்தின் வழியே மட்டுமே உள்ளே செல்ல முடியும்.

இந்த அகழிகள் பகைவரைத் தடுப்பதற்கென்றே வெட்டப்பட்டவை என்று எண்ணுவது பொருந்தாது. பலவற்றின் அகலம் ஒரு சிறு படையைக்கூடத் தடுக்கப் போதாது. திருடரையும் காட்டு விலங்குகளையும் விலக்குதல், ஈரநிலத்தை வடித்தல், தீயணைக்க நீர் வைத்திருத்தல் ஆகிய பயன்கள் உண்டு. எனினும் தலையாய பயன் பெருமை என்பதே ஆய்வாளர் பலரின் கருத்து. பேரரசர்களும் பிரபுக்களும் அகழி சூழ்ந்த கோட்டைகளில் வாழ்ந்தனர். அவர்களைப் பார்த்துச் சிறு நிலக்கிழாரும் தம் மனையைச் சுற்றி நீரை ஓடவிட்டனர். கெண்ட் பகுதியின் ஐத்தம் மோட், வாரிக்ஷயரின் பேட்ஸ்லி கிளின்டன் ஆகியவை இன்றும் நீர் சூழ நிற்கும் மனைகள்.

அகழியை அடுத்து மீன்குளங்கள் அமைந்தன. ஓடையைக் கரையிட்டுத் தடுத்து, மதகு வைத்து, ஒரு குளத்திலிருந்து மறு குளத்திற்கு நீர் இறங்குமாறு வரிசையாக அவற்றை அமைத்தனர். பெரிய குளத்தில் மீன் வளர்ந்தது. சமையலறைக்கு அருகிலிருந்த சிறு குளத்தில், உண்ணும் நாள் வரை மீனை உயிரோடு வைத்திருந்தனர். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை குளத்தை வடித்து, சேற்றை அகற்றி, கரையைப் பழுதுபார்த்தனர். பிரீம், பைக், டென்ச் முதலிய மீன்கள் வளர்க்கப்பட்டன. கார்ப் என்னும் கெண்டையினம் 15ஆம் நூற்றாண்டில்தான் அங்கு வந்தது.

இம்மீனை உண்டவர் யார்? ஆண்டின் வெள்ளிக்கிழமைகள், தபசு காலம், திருநாட்களின் முந்திய நாட்கள் ஆகியவற்றில் இறைச்சி விலக்கப்பட்டிருந்தது. மீன் அனுமதிக்கப்பட்டது. எனவே உபவாச ஒழுங்கு எல்லோருக்கும் குளத்து மீனை அளித்தது என்று தோன்றலாம். உண்மை வேறு. நன்னீர் மீன் விலையுயர்ந்த பண்டம் என்பதை அக்காலத்து வீட்டுக் கணக்குகள் காட்டுகின்றன. பிரபுவின் விருந்திலும் மடாதிபதியின் மேசையிலும் அது பரிமாறப்பட்டது. சிறந்த மீனைப் பரிசாக அனுப்புவது மேன்மக்களிடையே மரியாதைக்குரிய வழக்கம். எளியோர் உண்டது உப்பிட்ட ஹெரிங் மீனும் காய்ந்த காட் மீனுமே. அவையும் பலருக்கு அரிதாயிருந்தன. ஒரே உபவாசத்தை இருவர் கடைப்பிடித்தனர். ஒருவருக்கு அது சுவை மாற்றம். மற்றவருக்கு அது வழக்கமான குறைவின் நீட்சி.

3. உபவாசம் நீங்கியது, குளம் கைமாறியது

சீர்திருத்த இயக்கம் உணவு விதியைத் தொட்டே சூரிக் நகரில் வெளிப்பட்டது. 1522ஆம் ஆண்டுத் தபசு காலத்தில் அச்சகத்தார் கிறிஸ்தோப் ஃபுரோஷவர் வீட்டில் சிலர் கொத்திறைச்சித் துண்டுகளை உண்டனர். சுவிங்ளி அவர்களுக்கு ஆதரவாகப் பிரசங்கித்து, உணவைத் தெரிந்துகொள்ளும் சுதந்தரம் பற்றிய நூலை வெளியிட்டார். மனச்சாட்சியின் விடுதலைக்கு இது ஒரு மைல்கல் என்று நாம் போற்றுகிறோம். அது தகும்.

ஆயினும் விதி நீங்கியதால் குளம் பொதுவாயிற்றா? இங்கிலாந்தில் 1536 முதல் 1540 வரை மடங்கள் கலைக்கப்பட்டன. அவற்றின் நிலங்களும் குளங்களும் அரசரிடமிருந்து பிரபுக்களுக்கும் செல்வருக்கும் சென்றன. ஆம்ப்ஷயரிலிருந்த டிச்ஃபீல்டு மடத்தை 1537இல் தாமஸ் ரையத்ஸ்லி பெற்றார். மடத்தை மாளிகையாக மாற்றினார். அதன் மீன்குளங்களும் அவர் கைக்கு வந்தன. துறவியின் மேசைக்குச் சென்ற மீன் பிரபுவின் மேசைக்குச் சென்றது. கரையில் நின்ற குடியானவனின் நிலை மாறவில்லை.

மீன் உண்ணும் நாட்களும் முற்றிலும் மறையவில்லை. எலிசபெத் அரசியின் காலத்தில் 1563இல் இயற்றப்பட்ட சட்டம் புதன்கிழமையையும் மீன் நாளாக்கியது. மீனவர் பெருகினால் கடற்படைக்கு மாலுமிகள் கிடைப்பர் என்பது அதன் காரணம். இது ஆத்தும இரட்சிப்புக்கு அவசியம் என்று போதிப்போர் தண்டிக்கப்படுவர் என்றும் அச்சட்டம் கூறியது. ஒரு சமய ஒழுங்கு அரசின் பொருளாதார ஒழுங்காக மாறிய விதத்திற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு அரிது.

4. நான்காம் விண்ணப்பமும் லூத்தரின் மறுமொழியும்

கரையில் நின்றவர்கள் வாய்மூடி இருக்கவில்லை. 1381இல் ஆங்கிலக் குடியானவர்கள் எழுந்தபோது, நீர்நிலைகளும் காடுகளும் வேட்டைநிலங்களும் எல்லோருக்கும் பொதுவாக வேண்டும் என்று வாட் டைலர் கேட்டதாக நைட்டன் என்னும் வரலாற்றாசிரியர் குறிப்பிடுகிறார். அதே ஆண்டில் செயின்ட் ஆல்பன்ஸ் மடத்தில் நடந்தது திருவிருந்தை நடத்துவோர் நெஞ்சில் பதியத்தக்கது. நகர மக்கள் தம் வீடுகளில் தானியம் அரைக்கக் கூடாது, மடத்தின் ஆலையில்தான் அரைக்க வேண்டும் என்பது மடத்தின் விதி. முன்பு ஒரு மடாதிபதி மக்களின் கையரைவைக் கற்களைப் பறித்துத் தம் மண்டபத்தில் தளமாகப் பதித்திருந்தார். கலகத்தின்போது மக்கள் அக்கற்களைப் பெயர்த்து, உடைத்து, ஆலயத்தில் பகிரப்படும் ஆசீர்வாத அப்பத்தைப்போல் தங்களுக்குள் பகிர்ந்துகொண்டனர். திருச்சபை மறந்துபோன பகிர்வை அவர்கள் கல்லைக் கொண்டு நினைவுபடுத்தினர்.

1525இல் ஜெர்மானியக் குடியானவர் மெம்மிங்கன் நகரில் பன்னிரண்டு விண்ணப்பங்களை வெளியிட்டனர். செபாஸ்டியன் லோட்சர் என்னும் தோல் வினைஞரும் கிறிஸ்தோப் ஷாப்பெலர் என்னும் போதகரும் அவற்றை உருவாக்கியோர் என்பர். சில மாதங்களுக்குள் அவை இருபதுக்கும் மேற்பட்ட முறை அச்சாயின. முதல் விண்ணப்பம், சபையே தன் போதகரைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்பது. நான்காவது, ஏழைக்கு வேட்டை விலங்கையும் பறவையையும் ஓடும் நீரிலுள்ள மீனையும் பிடிக்க உரிமையில்லை என்னும் வழக்கத்தை எதிர்ப்பது. தேவன் மனிதனைப் படைத்தபோது மீன்கள்மேலும் பறவைகள்மேலும் ஆளுகையை எல்லா மனிதருக்கும் அளித்தார் என்பது அவர்களது வாதம் (ஆதி. 1:28). நீர்நிலையை விலைகொடுத்து வாங்கியதற்குச் சான்று வைத்திருப்பவரிடமிருந்து பலவந்தமாகப் பறிக்க அவர்கள் விரும்பவில்லை. அவருடன் கிறிஸ்தவ அன்பின்படி உடன்பாடு காண வேண்டும் என்றனர். இறுதி விண்ணப்பத்தில், தாங்கள் கேட்டவற்றுள் எதுவும் வேதத்திற்கு முரணானது என்று காட்டப்பட்டால் அதனைக் கைவிடுவதாகவும் கூறினர்.

வேதம் மட்டுமே என்று போதித்த லூத்தர், வேதத்தைக் காட்டி நின்ற இம்மக்களுக்குச் சமாதானத்திற்கான அறிவுரை என்னும் மறுமொழியை அவ்வாண்டிலேயே எழுதினார். பிரபுக்களின் பேராசையை அதில் அவர் கடிந்துகொண்டார் என்பதை மறைக்கக் கூடாது. போதகரைத் தெரிந்துகொள்ளும் விண்ணப்பத்தை ஆராய்ந்தார். ஆனால் வேட்டை, பறவை, மீன், மரம், காடு, வரி ஆகியவை பற்றிய விண்ணப்பங்களைச் சட்ட வல்லுநரிடம் விட்டுவிடுவதாகக் கூறி ஒதுங்கினார். சுவிசேஷகனாகிய தாம் இவற்றில் தீர்ப்புச் சொல்வது தகாது என்பது அவர் கூற்று. அதன்பின் மே மாதத்தில் அவர் குடியானவருக்கு எதிராக எழுதிய கடுஞ்சொற்களும், பல்லாயிரவர் மாண்ட படுகொலையும் நாம் அறிந்தவை.

கிறிஸ்தவ சுதந்தரத்தை நிலவுரிமைச் சட்டமாக மாற்றினால் சுவிசேஷம் திரிந்துவிடும் என்று லூத்தர் அஞ்சியதில் நியாயம் உண்டு. எனினும் மீனைச் சட்ட வல்லுநரிடம் விட்டவர், உண்மையில் அதனைச் சட்டத்தை உருவாக்கும் பிரபுக்களிடம் விட்டார். போதகர் விலகி நிற்கும் இடம் வெற்றிடமாக இருப்பதில்லை.

5. தமிழகத்து ஏரியில் மீனின் பங்கு

இனி நம் நாட்டு வழக்கத்தை நோக்குவோம். தமிழகத்து ஏரி, மனைக்கு அணிகலனாக அமைந்ததன்று. வயலுக்கு நீர் பாய்ச்சவே அது அமைந்தது. மேட்டிலிருந்து வரும் நீரை வளைந்த கரை தடுக்கிறது. மடை வழியே வயலுக்கு நீர் செல்கிறது. மிகுந்த நீர் கலங்கல் வழியே கீழுள்ள ஏரிக்குப் போகிறது. ஐப்பசி, கார்த்திகை மழையில் நிரம்பும் ஏரி கோடையில் வற்றுகிறது. வரத்து நீர் ஆண்டுதோறும் வண்டலைக் கொண்டுவருவதால், தூர் அகற்றாத ஏரி மெல்ல மேடாகிச் சாகும்.

எனவே ஏரியைக் காப்பதற்கென்று நிலையான ஏற்பாடுகள் தேவைப்பட்டன. பராந்தக சோழன் காலத்து உத்தரமேரூர்க் கல்வெட்டுகள் (கி.பி. 919, 921) ஏரி வாரியம் என்னும் குழுவைக் குடவோலை முறையால் தெரிந்துகொண்டதைக் கூறுகின்றன. ஏரிப்பட்டி என்னும் நிலத்தின் வருவாய் ஏரியின் பராமரிப்புக்கே உரியது. ஓடம் வைத்துத் தூர் அகற்றுவதற்குச் செல்வர் அறக்கட்டளை நிறுவினர். ஏரி மீன்பிடி உரிமைக்குச் செலுத்திய தொகை கல்வெட்டுகளில் பாசிப்பாட்டம் எனப்படும். மீனால் வந்த வருவாயை ஏரியை ஆழப்படுத்தவும் கரையைச் செப்பனிடவும் ஒதுக்கிய ஊர்களும் இருந்தன.

இவ்வொழுங்கின் நுட்பத்தைச் சற்றே ஆராய வேண்டும். நீர் வற்றும்போது மீன் ஓரிடத்தில் திரளும். அப்போதுதான் பிடிப்பது எளிது. அப்போதே ஏரியின் படுகையும் வெளிப்படும். தூர் வார ஏற்ற காலமும் அதுவே. மீன் விற்ற பணம் கையில் வரும் மாதமும், அதனைச் செலவிட வேண்டிய மாதமும் ஒன்றாக அமைந்தன. அகன்ற, ஆழமான ஏரியில் மறு ஆண்டு மீனும் பெருகும், நெல்லும் விளையும். ஏரியில் பிறந்த செல்வம் ஏரிக்கே திரும்பியது. வற்றும் கண்மாயில் ஊர் முழுவதும் ஒரே நாளில் இறங்கி, ஊத்தாவும் வலையும் கொண்டு விராலையும் கெளுத்தியையும் கெண்டையையும் பிடிக்கும் மீன்பிடித் திருவிழா, புதுக்கோட்டை, சிவகங்கை, மதுரை வட்டாரங்களில் இக்காலத்திலும் காணப்படுகிறது. அன்று வீட்டுக்கு வீடு மீன்குழம்பு மணக்கும்.

இங்கிலாந்தின் மனைக்குளத்துக்கும் நம் ஏரிக்கும் உள்ள வேறுபாட்டை இவ்வாறு சுருக்கிக் கூறலாம்: அங்கே நீர் மீனுக்காகவும், மீன் மனைக்காகவும் இருந்தன, இங்கே மீன் நீருக்காகவும், நீர் ஊருக்காகவும் இருந்தன.

பிற்காலத்தில் இவ்வொழுங்கு தளர்ந்தது. குடிமராமத்து என்னும் ஊர்க் கூட்டுழைப்பு நலிந்தபோது, சென்னை மாகாண அரசு 1858இல் கட்டாய உழைப்புச் சட்டத்தை இயற்றியது. உரிமை ஊரின் கையைவிட்டுப் போனபின் கடமையை மட்டும் சட்டத்தால் நிலைநிறுத்துவது எளிதன்று. ஏரி மீனின் ஏலத்தொகை பொதுக் கருவூலத்தில் சேர்ந்த இடங்களில் மீனுக்கும் தூருக்கும் இருந்த உறவு அறுந்தது. ஆழ்துளைக் கிணறுகள் பெருகியபின் நிலமுடையோருக்கும் ஏரியின்மேல் கவலை குறைந்தது. குத்தகைதாரர் கட்லா, ரோகு, மிர்கால் குஞ்சுகளை விட்டு வளர்க்கும் ஏரிகளில், நீரை எப்போது இறக்குவது என்பது உழவருக்கும் அவருக்கும் இடையே வழக்காகிறது.

6. கரையிலேயே நின்றவர்கள்

நம் நாட்டு ஏரி, குற்றமற்ற பொதுவுடைமை என்று பெருமை கொண்டு இங்கே முடித்துவிட்டால், அது பாதி வரலாறு ஆகும். சோழர் காலத்து நிலக்கொடைச் சாசனங்களில், கொடை பெறுவோருக்கு வயலோடும் கிணற்றோடும் மீன் வாழும் பள்ளங்களும் சேர்த்தே அளிக்கப்பட்டன. ஏரி வாரியத்தில் அமர நிலமும் மனையும் வேதக் கல்வியும் வேண்டும் என்பதை உத்தரமேரூர்க் கல்வெட்டே கூறுகிறது. பெண்களுக்கும் உழைக்கும் மக்களுக்கும் அக்குடத்தில் ஓலை இல்லை.

இதைவிடக் கொடிய செய்தி ஒன்று உண்டு. மடையைத் திறந்து, வயல்வாரியாக நீரைப் பங்கிட்டு, வெள்ள இரவுகளில் கரையைக் காத்தவர்கள் பல ஊர்களில் ஒடுக்கப்பட்ட மக்களே. அவர்களது கை படாமல் ஏரிநீர் வயலுக்குச் சென்றதில்லை. அதே கை ஊர்க் குளத்தில் குடம் அமிழ்த்தினால் தீட்டு என்றனர். வயலுக்கு நீர் விடத் தக்கவர், குடிக்க நீர் எடுக்கத் தகாதவரானார். இங்கிலாந்தின் அகழி கண்ணால் காணத்தக்கது. நம் ஊரின் அகழி கண்ணுக்குத் தெரியாது. ஆயினும் அதனைக் கடக்கப் பாலம் எதுவும் இருக்கவில்லை.

இந்த இடத்தில்தான் நம் திருச்சபையின் வரலாறு லூத்தரின் மறுமொழியிலிருந்து விலகிச் சென்ற ஓர் அத்தியாயம் வருகிறது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில், ஏரி மாவட்டம் என்று புகழ்பெற்ற செங்கல்பட்டில், ஸ்காத்லாந்து சுயாதீன சபையின் மறைத்திரு ஆடம் ஆண்ட்ரூவும், ஈக்காட்டில் ஊழியம் செய்த வெஸ்லியன் சபையின் மறைத்திரு வில்லியம் கவுடியும், நிலமற்ற மக்களின் நிலையை அரசின் முன் வைத்தனர். தரிசு நிலத்தைக் கேட்பதிலும் மிராசுதாரருக்கே முன்னுரிமை என்னும் வழக்கத்தை எதிர்த்து எழுதினர். செங்கல்பட்டு ஆட்சியர் திரமென்கீர் 1891இல் அம்மக்களைப் பற்றி அறிக்கை அளித்தார். 1892இல் அரசாணை பிறந்தது. பஞ்சமி நிலம் என்று இன்று நாம் அறியும் ஏற்பாட்டின் தொடக்கம் அதுவே. அந்நிலங்களுள் பல பின்னர் பிறர் கைக்குச் சென்றது வேதனைக்குரிய வரலாறு. ஆயினும் அவ்விரு போதகரும் நிலத்தையும் நீரையும் சட்ட வல்லுநரிடம் விட்டு ஒதுங்கவில்லை என்பது நம் மாணவர்கள் மறக்கக்கூடாதது.

திருச்சபைக்கு வெளியிலிருந்தும் இதே கேள்வி எழுந்தது. மகாத் நகரின் சவுதார் குளத்தை எல்லோருக்கும் திறப்பதாக அந்நகராட்சி 1924இல் தீர்மானித்தும், ஒருவரும் அதில் இறங்க விடப்படவில்லை. 1927 மார்ச் 20 அன்று டாக்டர் அம்பேத்கர் தலைமையில் மக்கள் அக்குளத்தில் இறங்கி நீர் அருந்தினர். அவ்வழக்கு முடிய 1937 வரை ஆயிற்று. தீர்மானத்தில் திறந்த குளம் வாழ்க்கையில் திறக்கப் பதின்மூன்று ஆண்டுகள் போராட வேண்டியிருந்தது.

புதுச்சேரியில் ஐரோப்பியக் கூட்டமைப்பின் நிதியுதவியுடன் 1999இல் தொடங்கிய ஏரிச் சீரமைப்புத் திட்டம் அவ்வட்டாரத்தின் 84 ஏரிகளை நோக்கமாகக் கொண்டது. நீர்ப்பாசன நிலமுடையோர் மட்டுமே ஏரியை நிருவகித்த பழைய முறைக்கு மாறாக, நிலமற்றோரையும் பெண்களையும் உள்ளடக்கிய ஏரிச் சங்கங்களை அமைக்க அது முயன்றது. கரையைச் செப்பனிடுவதைவிடச் சங்கத்தின் பட்டியலை விரிப்பது கடினம் என்பதை இத்தகைய முயற்சிகள் எங்கும் கற்பிக்கின்றன.

7. வேதத்தின் குளங்களும் ஆயரின் பணியும்

பெதஸ்தா குளத்தைக் குறிக்க வுல்காத்தா என்னும் இலத்தீன் வேதாகமம் வழங்கும் சொல் பிஸ்கினா (யோவான் 5:2). மீன் என்னும் சொல்லிலிருந்து பிறந்த அதன் முதற்பொருள் மீன்குளம். உன்னதப்பாட்டில் எஸ்போன் குளங்கள் என்று மூலம் கூறுவதை (உன். 7:4), வுல்காத்தாவைத் தொடர்ந்து 1611ஆம் ஆண்டு ஆங்கில மொழிபெயர்ப்பாளர் மீன்குளங்கள் என்றே பெயர்த்தனர். மனைதோறும் மீன்குளம் கண்டவர்களுக்கு அது இயல்பாகத் தோன்றியிருக்கலாம். நாம் வேதத்தை வாசிக்கும்போதும் நம் ஊர்க் குளமே கண்முன் நிற்கும். எந்தக் கரையில் நின்று வாசிக்கிறோம் என்பதே கேள்வி.

பெதஸ்தாவில் தண்ணீருக்குக் குறைவில்லை. முப்பத்தெட்டு ஆண்டுகள் நோயுற்றிருந்தவன் தண்ணீர் இல்லையென்று முறையிடவில்லை. தன்னை அதில் இறக்கிவிட ஒருவருமில்லை என்றும், தனக்கு முன்னே வேறொருவன் இறங்கிவிடுகிறான் என்றும் முறையிட்டான். நம் ஏரிக்கரைகளின் வரலாறு முழுவதும் இம்முறையீட்டில் அடங்கியுள்ளது. இயேசு அவனுக்கு வரிசையில் முதலிடம் வாங்கித் தரவில்லை. முந்தினவனுக்கே நலம் என்னும் ஒழுங்கையே அவர் கடந்து சென்றார்.

ஏசாயா தீர்க்கதரிசி எருசலேமின் மதில்களுக்கு நடுவே நீரைத் தேக்கியவர்களைக் கடிந்துகொள்கிறார் (ஏசாயா 22:11). நீர் தேக்கியது அவர் காட்டும் குற்றமன்று. அதனை உண்டாக்கினவரை நோக்காமற்போனதே குற்றம். எசேக்கியேலின் தரிசனத்தில் ஆலயத்தின் வாசற்படியிலிருந்து புறப்படும் நீர் மதிலுக்குள் தேங்கி நிற்பதில்லை. அது வனாந்தரத்தை நோக்கி ஓடுகிறது, மீன் மிகுதியாகிறது, மீன்பிடிக்கிறவர்கள் கரைநெடுக வலை விரிக்கின்றனர் (எசே. 47:8-10). அதே அதிகாரம் நிலத்தைப் பங்கிடும்போது, நடுவே தங்கும் அந்நியருக்கும் சுதந்தரம் கொடுக்கக் கட்டளையிடுகிறது (எசே. 47:22-23). நீரைப் பற்றிய தரிசனமும் நிலத்தைப் பற்றிய நீதியும் ஒரே அதிகாரத்தில் உள்ளன. அவற்றைப் பிரித்து, முன்னதைப் பிரசங்கத்திற்கும் பின்னதைச் சட்ட வல்லுநருக்கும் ஒதுக்க நமக்கு உரிமை இல்லை.

இறுதியாக நம் சொந்த வளாகங்களை நோக்க வேண்டும். மிஷனெரிமார் காலத்தில் ஆலயமும் பள்ளியும் மருத்துவமனையும் விடுதியும் கிணறும் ஒரே வளாகத்தில் அமைந்தன. ஊர்க் கிணற்றில் இடமற்றவருக்கு அக்கிணறு புகலிடமாயிற்று. அச்சுற்றுச்சுவர் அன்று பலரைக் காத்தது. ஆனால் காக்க எழுந்த சுவர் காலப்போக்கில் பெருமையின் அகழியாக மாறக்கூடும் என்பதை ஆங்கில மனைகளின் வரலாறு எச்சரிக்கிறது. சபைச் சொத்தின் வருவாய் எங்கே செல்கிறது? அது பிறந்த ஊருக்கும் ஊழியத்திற்கும் திரும்புகிறதா, அல்லது மனையின் மேசைக்கே செல்கிறதா? சொத்துக் குழுவில் அமர்வோர் பட்டியலில் யாருடைய ஓலை இல்லை? ஏரி மீனின் பழைய ஒழுங்கு இக்கேள்விகளைக் கேட்க நமக்குக் கற்றுத்தருகிறது.

கிராமச் சபைகளுக்குச் செல்லவிருக்கும் மாணவர்கள் முதல் ஆண்டிலேயே தம் ஊர் ஏரியை ஒருமுறை சுற்றி நடந்து வருவது நலம். வரத்து வாய்க்கால் எங்கே அடைபட்டுள்ளது, மடையைத் திறப்பவர் யார், மீன் ஏலம் எவ்வளவுக்குப் போயிற்று, அத்தொகையில் எவ்வளவு கரைக்குத் திரும்பியது, எந்தத் தெருவார் எந்தப் படித்துறையில் இறங்குவதில்லை என்பனவற்றைக் கேட்டறிய வேண்டும். உழவரிடமும் மீன் பிடிப்போரிடமும் ஊராட்சி அலுவலகத்திலும் இவற்றுக்கு விடை கிடைக்கும். விடைகளை அறிந்தபின் யோவான் ஐந்தாம் அதிகாரத்தைப் பிரசங்கிக்கட்டும். நான்காம் விண்ணப்பத்தை எழுதிய குடியானவர்கள் தம் போதகரிடமிருந்து எதிர்பார்த்ததும் அத்தகைய பிரசங்கத்தையே.